கனெக்‌ஷன் இருக்கு, பழக்கம் இருக்கா?

பிளேஸ்மென்ட் சீசன் நெருங்கினால் போதும், வேலையில் இருக்கும் நம்ம சீனியர்களின் லிங்க்ட்இன் இன்பாக்ஸில் ஒரே மாதிரி மெசேஜ் வந்து விழும். "ஹாய் அண்ணா, உங்க கம்பெனில ஓப்பனிங் இருக்கா? ரெஃபரல் கிடைக்குமா?" அதுக்கு மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. செகண்ட் இயரில் ரிக்வெஸ்ட் போனது, அவர் அக்செப்ட் பண்ணினது, அவ்வளவுதான். நடுவில் ரெண்டு வருஷம் மௌனம்.

பதில் வரலைன்னா "வேலை கிடைச்சதும் அண்ணாவுக்கு ஹெட்வெயிட்" என்று பேசிக்குவோம். அவர் பக்கம் இருந்து கொஞ்சம் பாருங்க. பல கம்பெனிகளில் ரெஃபர் பண்ணும் ஃபார்மிலேயே, இந்த ஆளை எப்படித் தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்பார்கள். தன் பெயரைப் போட்டு அவர் அங்கே என்ன எழுதுவார்? "ஒருநாள் அக்செப்ட் பண்ணினேன்" என்றா?

அதுக்காக நெருங்கின நண்பர்கள் மட்டும்தான் உதவுவாங்கன்னு நினைச்சிடாதீங்க. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறினவர்களிடம் "சொல்லிவிட்ட ஆளை அப்போ எவ்வளவு அடிக்கடி பார்த்தீங்க?" என்று கேட்டிருந்தார். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்பவாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம்.

காரணம் சிம்பிள். உங்க ரூம்மேட்டுக்குத் தெரிஞ்ச டிரைவ் உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதே வாட்ஸ்அப் குரூப்லதானே இருக்கீங்க! புது செய்தி நம்ம வட்டத்துக்கு வெளியே இருப்பவரிடம்தான் இருக்கும்.

இதையே லிங்க்ட்இன் தளத்திலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்த முடிவு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சுமார் 2 கோடி பேர், 5 வருஷ டேட்டா. வேலை மாற அதிகம் உதவினது ரொம்ப நெருங்கினவர்களும் இல்லை, சுத்தமாக அறிமுகமே இல்லாதவர்களும் இல்லை; நடுவில் இருக்கும் ஓரளவு தெரிந்தவர்கள். இன்னொரு விஷயம், நம்ம மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கவனிக்கவும்: சாஃப்ட்வேர் மாதிரி டிஜிட்டல் துறைகளில்தான் இப்படி. டிஜிட்டல் அதிகம் புகாத துறைகளில் நெருங்கின பழக்கமே கூடுதலாக உதவியிருக்கிறது.

அப்போ நம்ம வேலை, அந்த 'ஓரளவு' காய்ஞ்சு போகாமல் பார்த்துக்கிறது. ஒர்க் ஆனிவர்சரிக்கு ஒரே டேப்பில் போகிற "கங்க்ராட்ஸ்" இதில் சேராது. எல்லா போஸ்ட்டுக்கும் கீழே "சிஎஃப்பிஆர்" போடுவதும் சேராது (அதை யார்தான் கண்டுபிடிச்சாங்களோ!). உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிஜமாக நடந்த ஒன்று அந்த மெசேஜில் இருக்கணும். உதாரணமாக:

"வணக்கம் அக்கா, போன சிம்போசியத்தில் எஸ்டிஎம்32 பழகச் சொன்னீங்க. இந்த செமஸ்டர் அதை வச்சு ஒரு டேட்டா லாகர் பண்ணினோம், லிங்க் கீழே இருக்கு. நன்றி அக்கா."

இதில் கேள்வியும் இல்லை, கோரிக்கையும் இல்லை. அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. உங்க பெயரோடு ஒரு வேலை அவர் மனசில் சேர்ந்தாச்சு. ஒருத்தருக்கு செமஸ்டருக்கு ஒரு தடவை இப்படி எழுதினால் தாராளம். வாரா வாரம் எழுதினால் ம்யூட் பண்ணிடுவாங்க.

யாருக்கு எழுதுறதுன்னு தெரியலையா? லிங்க்ட்இன் செட்டிங்ஸில் 'டேட்டா பிரைவசி' பகுதியில் உங்க டேட்டாவின் காப்பியை டவுன்லோட் பண்ணலாம். அதில் கனெக்‌ஷன்ஸ் ஃபைலைத் திறந்தால் பெயர், கம்பெனி, பதவி, எந்தத் தேதியில் இணைந்தீங்க என்பதெல்லாம் எக்செல் ஷீட் மாதிரி வரும். 500-க்கு மேல் இருந்தாலும், நேரில் ரெண்டு வார்த்தை பேசினவங்க முப்பது பேர் தேறினாலே அதிகம். இன்ப்ளான்ட் டிரெயினிங்கில் பிளான்ட்டைச் சுத்திக் காட்டின இன்ஜினியர், இன்டர்ன்ஷிப் மென்டர், கெஸ்ட் லெக்சருக்கு வந்தவர், ஹாக்கத்தான் ஜட்ஜ். அவங்களிடமிருந்து ஆரம்பிங்க.

"ரெண்டு வருஷமா பேசலையே, இப்போ எந்த முகத்தோட எழுதறது?" என்ற தயக்கம் எல்லாருக்கும் வரும். விட்டுப்போன பழக்கங்களைப் பற்றி 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. வேலையில் இருக்கும் எக்ஸிக்யூட்டிவ்களை, பல வருஷமாகப் பேசாத பழைய ஆட்களிடம் ஆலோசனை கேட்க வைத்தார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த யோசனைகள், தினமும் பழகுபவர்கள் சொன்னதை விடப் புதுசாக இருந்தன. அதனால் இடைவெளி பிரச்சனை இல்லை. ஆனால் அந்த முதல் மெசேஜிலேயே ரெஸ்யூமை அட்டாச் பண்ணாதீங்க.

ரெஃபரல் கேட்கும் நாள் வந்ததும் சுத்தி வளைக்க வேண்டாம். ஜாப் ஐடி, ரெஸ்யூம், நீங்க ஏன் பொருந்துவீங்க என்று மூணு வரி, "முடியலைன்னா பரவாயில்லை அண்ணா". இவ்வளவு போதும். ரிசல்ட் வந்ததும், ரிஜெக்ட் ஆனாலும், அவருக்கு ஒரு வரி சொல்லிடுங்க. எந்த ரவுண்டில் போச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.