பாலைவனத்தில் குடித்தனம்

குவெயித்தில் உத்தியோகமாகி, குடும்பத்துடன் புறப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றித்தான். ஆறே இல்லாத தேசமல்லவா! முன்பெல்லாம் ஷத்-அல்-அரபு நதியிலிருந்து பாய்மரக் கப்பல்களில் ஜலம் வந்து இறங்கியது. 1953-ல் கடல் நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை ஏற்பட்டது. வடித்த ஜலத்தில் உப்புச் சத்தும் இல்லை, ருசியும் இல்லை. ஆகையால் நிலத்தடி உவர்நீரைச் சிறிது கலந்து அனுப்புகிறார்கள். ஆலையிலிருந்து புறப்படும் நீரைவிட, அது வந்து தங்கும் மொட்டைமாடித் தொட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூடி சரியாயில்லாவிட்டால் புழுதி விழும். கோடையிலோ, எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான்! வீடு பார்க்கும்போதே, தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டுவிடுவது நலம்.

ஆனால், உண்மையில் அஞ்சத்தக்கது காற்றுத்தான். கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் 'ஷமால்' காற்று, இராக்கின் புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. கண்ணில் விழும் மணலைக் கழுவிவிடலாம், 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசி நுரையீரலின் அடிவரை போய்விடும். மோட்டார்ப் புகையும் எண்ணெய் ஆலைப் புகையும் அதோடு சேருகின்றன. வீட்டில் இரைப்பு நோயுள்ள குழந்தை இருந்தால், சம்பளத்தைக் கணக்கிடுமுன் வைத்தியரைக் கலந்துகொள்ளுங்கள். போவதென்றே தீர்மானமானால், புழுதி நாட்களில் ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். குளிர்சாதன இயந்திரத்தின் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். இழுப்பு மருந்து வீட்டில் மட்டுமல்ல, குழந்தையின் பள்ளிக்கூடப் பையிலும் ஒன்று இருக்கட்டும்.