கார் துடைக்க எந்தத் துணி நல்லது?

கீறல் விழுந்தால் சம்பளத்துக்கு ஆபத்து!

மும்பையில் பொழுது விடியும் முன்பே வேலையைத் தொடங்குகிறவர்களில் கார் துடைப்பவர்களும் உண்டு. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. கார்க்காரர் ஆபீசுக்குப் புறப்படுமுன் வண்டி பளபளக்க வேண்டும். இந்த வேலையிலும், டிரைவர் வேலையிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

"கதவில் கோடு விழுந்திருக்கிறதே, யார் துடைத்தது?" என்று கேள்வி வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் துடைத்தவர்தான்.

கோடு போடுவது எது?

பெரும்பாலும் துணி அல்ல, துணியில் சிக்கிய மண்தான். காரின் பெயிண்டுக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் சுமார் 40 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 25-ல் ஒரு பங்கு. தலைமயிரைவிட மெல்லியது! பழைய பனியனால் அழுத்தித் துடைத்தால், மண் அந்தப் பூச்சைத் தேய்த்துவிடும்.

மைக்ரோபைபர் துணி

இது பாலியஸ்டரும் பாலிஅமைடும் (நைலான் வகை) கலந்தது. இதன் இழை 9 ஆயிரம் மீட்டர் நீளம் இருந்தாலும் ஒரு கிராம் எடைகூட வராது. நல்ல துணியில் இழைகள் பிளந்திருக்கும். அந்த இடுக்குகளில் தண்ணீரும் தூசும் புகுந்துகொள்ளும்.

வாங்கும்போது கவனியுங்கள்

* 'ஜி.எஸ்.எம்.' என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. ஈரம் துடைக்க 500 கிராமுக்கு மேல் உள்ள தடித்த துணி நல்லது. பாலீஷ் துடைக்க 300 முதல் 400 போதும். கண்ணாடிக்கு ரோமம் குறைந்த துணி.

* கலவை 80-20 அல்லது 70-30 என்று இருக்கட்டும்.

* ஓரத் தையல் முரடாக இருந்தால் வேண்டாம். லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள்.

* உள்ளங்கையில் இழுத்துப் பாருங்கள். தோலில் லேசாகப் பற்ற வேண்டும்.

துடைக்கும் முறை

முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்குங்கள். துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். அழுத்த வேண்டாம். வட்டமாகத் தேய்க்கவும் வேண்டாம். சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் காரில் வைக்காதீர்கள்.

பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். பிளீச்சிங், கொதிநீர், துணியை மென்மையாக்கும் திரவம் மூன்றும் கூடாது.

செலவு யாருடையது?

வேலைக்குச் சேரும்போதே சம்பளத்தோடு துணியையும் பேசிக்கொள்ளுங்கள். துணி வாங்குவது கார்க்காரர் செலவாக இருப்பதே நியாயம். முதல் நாளே அவரை அழைத்து, வண்டியில் முன்பே இருக்கும் கோடுகளைக் காட்டிவிடுங்கள். பின்னால் வீண் பழி வராது!