ஒப்பாமாவில் பிறந்த மாபெரும் கப்பல்

ஜப்பானின் யோகோசுகா நகரைச் சேர்ந்த உரகா துறைமுகத்துக்கு 1853ஆம் ஆண்டில் அமெரிக்கத் தளபதி பெர்ரி நீராவிக் கப்பல்களோடு வந்து நின்றபோது, கரையில் கூடிய ஜனங்கள் அவற்றைக் கண்டு பிரமித்தார்கள். அதே உரகாவில் 1897இல் ஸ்தாபிதமான கப்பல் கட்டும் கம்பெனி ஒன்று, பிற்காலத்தில் சுமிடோமோ கனரகத் தொழில் நிறுவனத்தோடு ஐக்கியமாகி, அருகிலுள்ள ஒப்பாமாவில் விஸ்தாரமான புதிய தளம் ஒன்றை அமைத்துக்கொண்டது. தன் இயந்திர பலத்தாலேயே கடலில் ஓடிய கப்பல்களுள் மிக நீளமானதாகிய 'ஸீவைஸ் ஜயண்ட்' 1979இல் உருப்பெற்றது அந்தத் தளத்தில்தான்.

இத்தனை பெரிய கப்பலுக்கு அவசியம் என்ன வந்தது? 1967இல் மூண்ட யுத்தத்தால் சூயஸ் கால்வாய் எட்டு வருஷம் மூடிக் கிடந்தது. பாரசீக வளைகுடாவின் எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டியதாயிற்று. ஒரு தொட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரட்டித்தால் அதன் சுவர்ப்பரப்பு நான்கு மடங்காகிறது. அது கொள்ளும் எண்ணெயோ எட்டு மடங்காகிறது. மாலுமிகளின் தொகையும் அந்த விகிதத்தில் பெருகுவதில்லை. ஆகவே தூரம் நீள நீளக் கப்பல் பெருப்பதே லாபம் என்ற கணக்கில் குற்றம் காண்பதற்கில்லை.

ஆனால் கப்பல் முடிவதற்குள் காலம் மாறிவிட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறி, வாங்குவோர் கை சுருங்கிற்று. 1975இல் சூயஸும் திறந்தது. கட்டச் சொன்ன கிரேக்க முதலாளி கப்பலை ஏற்க மறுத்தார். அதை வாங்கிய ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். டுங், இருந்த பிரமாணமும் போதாதென்று கருதி, உடலை அறுத்து நடுவே புதிய பகுதியைச் சேர்த்து நீட்டச் செய்தார். 1981இல் அது கடலுக்குச் சென்றபோது அதன் நீளம் 458 மீட்டர். சுமக்கும் பாரம் 5,64,763 டன். மறு வருஷமே டுங் காலமானார்.

முழுப் பாரத்தோடு அது 24 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும். எட்டு மாடிக் கட்டடம் ஒன்று கடலுக்குள் மறைந்தாற்போல. ஆதலால் சூயஸ், பனாமா கால்வாய்கள் மட்டுமல்ல, ஆங்கிலக் கால்வாயும் அதற்கு உதவவில்லை. முழு வேகத்தில் ஓடும்போது நிறுத்த நினைத்தால், சுமார் ஒன்பது கிலோமீட்டர் சென்றுதான் நிற்கும். அபாயத்தைக் கண்ணால் கண்ட பிறகு யோசிக்கும் உரிமை அதன் தலைவனுக்குக் கிடையாது. எந்தப் பருமனுக்காக அதைக் கட்டினார்களோ அந்தப் பருமனே அதற்கு விலங்காயிற்று என்பது என் அபிப்பிராயம்.

1988 மே 14ஆம் தேதி, ஹோர்முஸ் ஜலசந்தியருகே லாரக் தீவின் பக்கம் ஈரானிய எண்ணெயோடு நங்கூரமிட்டிருந்த அக்கப்பலை ஈராக்கிய விமானங்கள் தாக்கின. எரிந்து நாசமாயிற்று என்று கைவிடப்பட்டதை ஈரான்-ஈராக் யுத்தம் ஓய்ந்தபின் வேறொருவர் வாங்கி, சிங்கப்பூருக்கு இழுத்துச் சென்று செப்பனிட்டார். அப்புறம் 'ஹாப்பி ஜயண்ட்', 'யாரே வைக்கிங்' என்று பெயர்கள் மாறின. 2004இல் 'நாக் நெவிஸ்' என்ற பெயரோடு, கத்தார் நாட்டு அல் ஷாஹீன் எண்ணெய் வயலில், ஓடாமல் நின்ற இடத்தில் எண்ணெயைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாயிற்று.

கடைசிப் பிரயாணம் நம் தேசத்துக்கு. 2009 டிசம்பரில், 'மான்ட்' என்ற பெயரில், குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்தது. அங்கே கடல் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். ஏற்றத்தின் உச்சத்தில் கப்பலை நேரே கரைமீது ஓட்டிவிடுவார்கள். நீர் வற்றியதும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளிகள் காஸ் கட்டரோடு ஏறுவார்கள். அறுபட்ட தகடு சேற்றில் விழும். விஞ்சு அதைக் கரைக்கு இழுக்கும். எண்ணெய்த் தொட்டியின் மூலையில் வாயு தங்கியிருந்தால் ஒரு பொறி போதும், உயிருக்கு ஆபத்து. இந்தக் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளிகளின் பெயரை வரிசையாகச் சொல்கிறார்கள். அதைத் துண்டு துண்டாக அறுத்த கைகளையும் அதே மரியாதையோடு சொல்லத்தான் வேண்டும்.

அதன் 36 டன் நங்கூரத்தை ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகத்தார் பெற்றுக்கொண்டார்கள். உரகாவின் பழைய செங்கல் உலர்துறை 2003லேயே வேலை நின்றுபோய், இப்போது யோகோசுகா நகராட்சியின் வசம் இருக்கிறது. ஒப்பாமாத் தளத்தை நடத்தும் சுமிடோமோ நிறுவனமும், வர்த்தகக் கப்பல் கட்டப் புதிய ஒப்பந்தம் ஏற்பதில்லை என்றும், இனிக் கடலில் நிறுவும் காற்றாலைகளுக்கான வேலையில் கருத்தைச் செலுத்தப் போவதாகவும் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.