வருகை அனுமதியில் வாழும் தாய்மார்

சிங்கப்பூர்க் குடிமகனை மணந்து தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் பெண்ணுக்கு நிரந்தரவாசத் தகுதி உடனே கிடைப்பதில்லை. பெரும்பாலோர் முதலில் பெறுவது நீண்டகால வருகை அனுமதி. ‘எல்டிவிபி’ என்றால்தான் தேக்காவில் எல்லாருக்கும் புரியும். குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையம் வழங்கும் இந்த அனுமதி சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பிறகு புதுப்பிக்க வேண்டும். 2012 ஏப்ரலில் வந்த ‘எல்டிவிபி பிளஸ்’ கூடுதல் காலமும், அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குச் சலுகையும் தருகிறது.

எந்த அனுமதியானாலும் கணவர் பொறுப்பேற்க வேண்டும். விண்ணப்பமே பொதுவாக அவருடைய சிங்பாஸ் கணக்கு வழியாகத்தான் போகிறது. அவர் இறந்துவிட்டால், அல்லது மணமுறிவு ஏற்பட்டால், பல ஆண்டுகள் இங்கே குடும்பம் நடத்திய பெண்ணின் இருப்பே கேள்விக்குறியாகிறது. “உன் பாஸை ரத்து பண்ணிடுவேன்” என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து அடி உதையைப் பொறுத்துக்கொள்ளும் நிலை இதனால்தான் உருவாகிறது.

பிள்ளை குடிமகன், பெற்றவள் வருகையாளர். அந்தப் பிள்ளைக்கு 21 வயதானால் தாய்க்கு அவரே பொறுப்பேற்று விண்ணப்பிக்கலாம். தாயின் அரவணைப்பு மிகவும் தேவைப்படும் வயதிலோ அந்த வழி இல்லை. இத்தகைய விண்ணப்பங்களை ஆணையம் தனித்தனியே பரிசீலித்து முடிவெடுக்கிறது. பிள்ளையை யார் வளர்க்கிறார் என்பதும் கருத்தில் கொள்ளப்படுகிறது. ஆனால் பரிசீலனை வேறு, உரிமை வேறு. குடிமகனான பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு, அப்பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை தங்கும் உரிமையைச் சட்டமே உறுதிசெய்வதுதான் நியாயம்.

மற்ற கதவுகளும் எளிதில் திறப்பதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை இத்தகைய தாய் தம் பெயரில் மட்டும் வாங்க முடியாது. அரசாங்கச் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. மணமாகி மூன்றாண்டு நிறையாமல், கடுமையான துன்பம் போன்ற விதிவிலக்கு இருந்தாலன்றி, மணவிலக்குக்கு மனுச் செய்யவும் இயலாது. ஆயினும் மாதர் சாசனத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்க மனைவி என்பதே போதும், குடியுரிமை தேவையில்லை. பலருக்கு இது தெரியாது.

1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (சிண்டா) சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இயங்குகிறது. பிள்ளை குடிமகன் என்பதால் அவனுடைய படிப்புக்கான உதவியை அங்கே கேட்கலாம். வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்களில் சமூக ஊழியர்கள் உண்டு. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் முறையீட்டுக் கடிதம் எழுதித் தருவார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கடிதங்கள், நீதிமன்ற ஆணை ஆகியவற்றின் நகல்களைத் தாய் தம்மிடமே வைத்திருப்பது நல்லது.

அனுமதி முடிந்தபின் தங்கியிருப்பது குற்றம். ஆகவே புதுப்பிக்கத் தேதி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் வன்முறை என்றால் 1800 777 0000 என்ற தேசிய உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு பெண் இருந்தால், அந்த எண்ணை அவரிடம் சொல்லுங்கள்.