எல்லிஸ் ஆர். டங்கன்

எல்லிஸ் ரோடரிக் டங்கன் (மே 11, 1909 – டிசம்பர் 1, 2001) தமிழ்த் திரைப்படங்களை இயக்கிய அமெரிக்கர் ஆவார். 1935 முதல் 1950 வரை இந்தியாவில் பணியாற்றிய இவருக்குத் தமிழ் மொழி தெரியாது. ஆயினும், சதிலீலாவதி, அம்பிகாபதி, சகுந்தலை, மீரா, மந்திரி குமாரி முதலிய குறிப்பிடத்தக்க படங்களை இயக்கினார். மேடை நாடகத்தின் சாயலிலிருந்து தமிழ்த் திரைப்படம் விடுபடத் துணைநின்றவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் இந்திய வருகையும்

டங்கன் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள பார்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றபோது மாணிக் லால் டாண்டன் இவருடன் பயின்றார். டாண்டனின் அழைப்பை ஏற்று 1935 ஆம் ஆண்டு, சில மாதங்களே தங்கும் எண்ணத்துடன் இந்தியா வந்தார். கே. பி. சுந்தராம்பாள் நடித்து டாண்டன் இயக்கிய நந்தனார் (1935) படத்தின் சில காட்சிகளை இவர் படமாக்கினார். பின்னர் டாண்டனின் பரிந்துரையால் சதிலீலாவதி படத்தை இயக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

சதிலீலாவதி

1936 ஆம் ஆண்டு வெளிவந்த சதிலீலாவதி, எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்டது. குடிப்பழக்கத்தால் ஒரு குடும்பம் சீரழிவதைச் சித்தரித்தது. ம. கோ. இராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன், டி. எஸ். பாலையா ஆகியோர் இப்படத்திலேயே திரையுலகில் அறிமுகமாயினர். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) வெளியாகி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. புராணக் கதைகள் மிகுந்திருந்த அக்காலத்தில் இது ஒரு சமூகப் படமாக அமைந்தது.

பணியாற்றிய முறை

மொழி தெரியாத குறையை ஈடுசெய்ய டங்கன் மொழிபெயர்ப்பு உதவியாளர்களை அமர்த்திக் கொண்டார். அம்பிகாபதி (1937) படத்தில் இத்தகைய உதவியாளர்கள் 'ரஷ் டைரக்டர்' என்ற பெயரில் குறிப்பிடப்பட்டனர். எனவே டங்கன் படங்களின் வெற்றியில், வசனத்தின் பொருளை இவருக்கும் இவரது கருத்தை நடிகர்களுக்கும் கொண்டு சேர்த்த இவ்வுதவியாளர்களுக்கும் பங்கு உண்டு.

நகரும் ஒளிப்படக்கருவி, நவீன ஒப்பனை ஆகியவற்றைத் தமிழ்ப் படங்களில் புகுத்தியவர் என இவர் குறிப்பிடப்படுகிறார். மீரா (1945) படத்திற்காக எம். எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையொன்று செய்யப்பட்டது. அதன்மீது வெவ்வேறு கோணங்களில் ஒளியைப் பாய்ச்சி, அவரது முகத்திற்கு ஏற்ற ஒளியமைப்பை டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் முடிவு செய்தனர். இப்படத்தின் இந்திப் பதிப்பு 1947 ஆம் ஆண்டு வெளிவந்தது.

காதல் காட்சிகளும் எதிர்ப்பும்

அம்பிகாபதியின் காதல் காட்சிகளில் சேக்சுபியரின் ரோமியோவும் சூலியட்டும் நாடகத்தின் தாக்கம் இருந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த இப்படம் பெரும் வெற்றி பெற்றது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவி எடுக்கப்பட்ட பொன்முடி (1950) படத்திலோ நெருக்கமான காதல் காட்சிகள் கண்டனத்துக்கு உள்ளாயின. அயல்நாட்டவர் தமிழ்ப் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எனினும் அப்படத்தின் மூலக்கதை தமிழ்க் கவிஞர் ஒருவருடையது; தயாரித்ததும் சேலத்தைச் சேர்ந்த தமிழ் நிறுவனமான மாடர்ன் தியேட்டர்சே என்பது குறிப்பிடத்தக்கது.

சேலமும் 'தி ஜங்கிள்' படமும்

டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், அன்றைய சேலம் மாவட்டத்தின் பெரிய திரைப்பட நிறுவனமாகும். இன்றைய தருமபுரி மாவட்டமும் 1965 ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. இந்நிறுவனத்திற்காக, மு. கருணாநிதியின் வசனத்தில் உருவான மந்திரி குமாரி (1950) படத்தை டங்கன் இயக்கினார். படம் முடியும் முன்னரே இவர் தாயகம் திரும்பியதால் சுந்தரம் எஞ்சிய பகுதியை இயக்கி முடித்தார்.

குறைந்த செலவில் படங்களைத் தயாரித்த அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனம், மாடர்ன் தியேட்டர்சுடன் இணைந்து இந்தியாவில் படமாக்கிய தி ஜங்கிள் (1952) படத்திலும் டங்கன் பணியாற்றினார். வில்லியம் பெர்க் இயக்கிய இப்படம், காட்டில் உயிர் பிழைத்திருக்கும் உரோமயானைகளைப் பற்றிய கற்பனைக் கதையாகும். இதன் தமிழ் வடிவம் 'காடு' எனப் பெயர் பெற்றது.

பிற்கால வாழ்க்கை

தாயகம் திரும்பிய டங்கன் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் வாழ்ந்து ஆவணப்படங்களை உருவாக்கினார். ஆங்கிலத்தில் தன்வரலாறும் எழுதினார். 1994 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தபோது திரையுலகினர் இவரைப் பாராட்டினர். 2001 ஆம் ஆண்டு வீலிங்கில் காலமானார். இவரைப் பற்றி கரண் பாலி இயக்கிய 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்ற ஆவணப்படம் 2013 ஆம் ஆண்டு வெளிவந்தது.

இயக்கிய தமிழ்ப் படங்களுள் சில

சதிலீலாவதி (1936)
சீமந்தினி (1936)
இரு சகோதரர்கள் (1936)
அம்பிகாபதி (1937)
சூர்ய புத்திரி (1940)
சகுந்தலை (1940)
காளமேகம் (1940)
தாசிப் பெண் (1943)
மீரா (1945)
பொன்முடி (1950)
மந்திரி குமாரி (1950)