சர்க்கரைக்கு வரி... நம் வாய்க்கு அரசு பூட்டுப் போடலாமா? நியூயார்க், பிரிட்டன் சொல்லும் பாடம்!

"நான் என்ன குடிக்கணும்னு சொல்ல அரசாங்கம் யாரு?" சர்க்கரை பானங்களுக்கு வரி, தடை என்று பேச்சு வந்தாலே எழும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால், அரசு எதில் கைவைக்கிறது என்பதைப் பொறுத்து இதற்கான பதில் மாறும்.

கப்பில் கைவைத்த நியூயார்க்

2012-ல் அப்போதைய மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் யோசனைப்படி ஒரு விதி வந்தது. உணவகங்களிலும் தியேட்டர்களிலும் 16 அவுன்ஸுக்கு (சுமார் 470 மி.லி) மேற்பட்ட கப்பில் சர்க்கரை பானம் விற்கக் கூடாது. ஆனால், சின்ன கப்பாக இரண்டு வாங்கினால் யாரும் தடுக்க முடியாது. மளிகைக் கடைகளுக்கோ விதியே பொருந்தாது. 2013 மார்ச்சில், அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது நீதிமன்றம் இதை நிறுத்தியது. நகரின் சுகாதார வாரியம் அதிகார வரம்பை மீறிவிட்டதாக, 2014-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஃபார்முலாவில் கைவைத்த பிரிட்டன்

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2016-ல் அறிவித்து, 2018 ஏப்ரலில் வரியை அமல்படுத்தியது. 100 மி.லி-யில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் இந்த வரி இல்லை. அதற்கு மேல், 2018-ல் லிட்டருக்கு 18 பென்ஸாக இருந்தது. 8 கிராமைத் தொட்டால் அப்போது 24 பென்ஸ். கட்ட வேண்டியது குடிப்பவர் அல்ல, கம்பெனி.

விளைவு? வரி வருவதற்கு முன்பே பாதிக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. கோகோ கோலா தன் ஒரிஜினல் ஃபார்முலாவை மாற்றவில்லை. வேண்டும் என்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து இன்றும் வாங்கலாம். வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் 'ஐயன் ப்ரூ' பானத்தின் ஃபார்முலா மாறியபோது, பழைய ருசிக்காக ரசிகர்கள் பாட்டில்களை வாங்கிப் பதுக்கினார்கள்.

இங்கே எப்படி?

இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் கோலா போன்ற குளிர்பானங்களுக்கு 40% ஜி.எஸ்.டி. அதற்கு முன்பு 28% வரியும் 12% செஸ்ஸும் இருந்தன. ஆகமொத்தம் அதே 40 தான். சிக்கல் என்னவென்றால், சர்க்கரை நிறைந்த கோலாவுக்கும், சர்க்கரையே இல்லாத 'ஜீரோ' கோலாவுக்கும் ஒரே வரி. சர்க்கரையைக் குறைத்தாலும் கம்பெனிக்கு வரிச்சலுகை கிடையாது. பிறகு ஏன் குறைக்கப் போகிறார்கள்? நம்மிடம் காசு மட்டும் கூடுதலாகப் போகிறது. பாட்டிலுக்குள் இருக்கும் சர்க்கரை அப்படியே இருக்கிறது.

நீங்களே கணக்குப் போடலாம்!

பாட்டிலின் பின்பக்கத்தில் 100 மி.லி-க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருப்பார்கள். 4 கிராம் என்பது சுமார் ஒரு டீஸ்பூன். 10 கிராம் என்றிருந்தால், 250 மி.லி பாட்டிலில் 25 கிராம். அதாவது ஆறு டீஸ்பூனுக்கும் மேல். பெரியவர்களே ஒரு நாள் முழுக்க அந்த 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்த முறை கடையில் குழந்தைகள் குளிர்பானம் கேட்டால், இந்தக் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். அதன் பிறகு வாங்குவதும் வைத்துவிட்டு வருவதும் உங்கள் வீட்டு முடிவு!