மஞ்சள் ஜெல்: பூசும் முன்னும் விற்கும் முன்னும் கேட்க வேண்டியவை

கொழுந்து பறிக்கும் கைக்குக் காயம் புதிதல்ல. கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு கீறும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய விரலிடுக்கு வெடிக்கும். இவற்றுக்கெல்லாம் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடும் வழக்கம் மலையகத்து லயங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்தே மஞ்சள் ஜெல், மூலிகைக் கிறீம் என்று பலவும் கடைக்கும் முகநூலுக்கும் விற்பனைக்கு வருகின்றன. சுயதொழிலாக வீட்டிலேயே ஜெல் செய்து விற்க நினைக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

வாங்குபவர், செய்பவர் இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மஞ்சள் என்ற பெயரால் மட்டும் ஒரு ஜெல் பாதுகாப்பானதாகி விடாது. அது சோதிக்கப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. அதற்கு ஆதாரம் காட்டுவது விற்பவரின் கடமை.

மஞ்சளால் ஆவதும் ஆகாததும்

1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கான காப்புரிமை கிடைத்தது. நம் பாட்டிமார் அறிந்ததைப் புதிய கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்று இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் வழக்காடியது. பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் ஆதாரமாக வைத்தது. 1997இல் அந்தக் காப்புரிமை இரத்தானது.

நம் மரபறிவுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்னது, இந்த அறிவு ஏற்கெனவே மக்களிடம் இருந்தது என்பதைத்தான். மஞ்சள் கலந்த எல்லாமே நோயைக் குணமாக்கும் என்று அது சொல்லவில்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின், காய்ந்த கிழங்கில் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம் வரைதான் இருக்கும். அது நீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும். ஆய்வுகூடத்தில் அது சில கிருமிகளையும் அழற்சியையும் தடுப்பது தெரிந்தாலும், மனிதர்களிடம் உறுதியான பலன் இன்னும் நிரூபணமாகவில்லை என்று 2017இல் மருந்து வேதியியல் அறிஞர்கள் விரிவாக எழுதினார்கள். சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமையைத் தந்து, தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பாட்டி போட்ட பற்று அன்றன்று அரைத்தது, அன்றே கழுவியது. போத்தலில் மாதக்கணக்கில் இருக்கும் ஜெல் வேறு பொருள். பழைய அனுபவத்தை அதற்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

ஜெல் எப்படி உருவாகிறது

மருந்தாக்கல் கூடங்களில் காய்ந்த மஞ்சள் தூளை எதனோலில் ஊறவைத்து, வடிகட்டி, சாற்றைச் சுண்டச் செய்கிறார்கள். கார்போபோல் என்னும் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் தூவிப் பல மணி நேரம் ஊறவிடுகிறார்கள். புரொப்பிலீன் கிளைக்கோலில் கரைத்த மஞ்சள் சாற்றையும், கிருமி வளராமல் காக்கும் பொருளையும் அதில் சேர்க்கிறார்கள். கடைசியாக டிரைஎதனோலமைன் சொட்டுச் சொட்டாக விழும்போது கலவை இறுகி ஜெல்லாகிறது. இது சற்றுக் கூடினாலும் காரத்தன்மை ஏறி, மஞ்சள் நிறம் சிவப்புக்குத் திரும்பும், குர்க்குமினும் சிதையும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதற்கும் காரணம் இந்தக் காரத்தன்மைதான்.

வீட்டில் பெரும்பாலும் கற்றாழைச் சோற்றில் மஞ்சள் தூளைக் கலக்கிறார்கள். கற்றாழைச் சோறு பெரும்பகுதி நீர். மஞ்சளோ மண்ணுக்குள் விளையும் கிழங்கு. கழுவிக் காயவைத்தாலும் அதில் சில கிருமிகளின் வித்துகளும் பூஞ்சையும் ஒட்டியிருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்து மூடிய போத்தலில் இருந்தால், சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிருமி பெருகும். வெடித்த தோலில் அதைப் பூசினால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும்.

என்னென்ன சோதனை வேண்டும்

முதலில் நிறம், மணம், கட்டி இல்லாத சீர்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்தது அமிலகார அளவு. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால், ஜெல்லின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து எவ்வளவு எளிதில் பரவுகிறது என்றும், கருவியில் வைத்து எவ்வளவு பிசுக்குத்தன்மை உள்ளது என்றும் அளப்பார்கள்.

உயிரோடு தொடர்புள்ளவை அடுத்த மூன்று சோதனைகள். கிருமிச் சோதனையில், காயத்தில் சீழ் உண்டாக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ், சூடோமோனாஸ் போன்றவை அறவே இருக்கக் கூடாது. பார உலோகச் சோதனையில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றைத் தேட வேண்டும். நிலைப்புத் தன்மைச் சோதனையில் 40 பாகை வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து, கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் போத்தலில் எழுதும் காலாவதித் திகதி வெறும் ஊகம்.

பெயருக்குள் மறையும் ஆபத்துகள்

முதல் ஆபத்து மஞ்சளிலேயே தொடங்குகிறது. இலங்கையில் 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்தது. கிலோ விலை பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை தொடர்ந்து பிடித்தது. மாவும் நிறமும் கலந்த தூளும் சந்தையில் புழங்கியது. கலப்படத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது எளிதல்ல. அயடீன் சொட்டு விட்டாலும் பயனில்லை, ஏனெனில் தூய மஞ்சளிலேயே மாச்சத்து உண்டு. பங்களாதேசத்தில் கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேற் பூசியது 2019இல் அம்பலமானது. அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து சந்தைகளைச் சோதித்து, குற்றம் செய்தவர்களைத் தண்டித்ததும், 2021க்குள் ஈயம் கலந்த மஞ்சள் சந்தையிலிருந்து ஏறக்குறைய ஒழிந்தது. கண்காணித்தால் பலன் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது ஆபத்து இன்னும் கொடியது. முகம் வெளுக்கும் என்று விற்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 முதல் 2023 வரை ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தார்கள். இந்த நோய் கண்ட 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிறீம் பூசியிருந்தார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. வேறு சில கிறீம்களில் பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட்டுகள் கலந்திருக்கும். பூசிய சில நாளில் படை மறைவதுபோல் தெரியும். பின்பு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் முன்னிலும் மோசமாகத் திரும்பும்.

லேபலில் கலோமெல், மேர்க்குரஸ் குளோரைட் போன்ற சொற்கள் இருந்தாலோ, தங்கம் வெள்ளி நகையில் படக் கூடாது என்று எழுதியிருந்தாலோ அதைத் தொடாதீர்கள். ஏழு நாளில் வெள்ளை என்ற வாக்குறுதியையும் நம்பாதீர்கள். பாதரசம் துவாய், தலையணை வழியாக வீட்டுப் பிள்ளைகளையும் சேரும், கர்ப்பிணியிடமிருந்து கருவையும் அடையும். பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் உறுப்பு நாடு.

சட்டம் தரும் கை

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டு கேட்டுப் பெறலாம். தரமற்ற பொருள் பற்றி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அழைக்க வேண்டிய இலக்கம் 1977. தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரசகரும மொழி.

நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்றால் அந்த ஜெல் அழகுப் பொருள் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆயுர்வேத மருந்து என்றால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பொறுப்பில் வரும். மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் நடுவில் நிற்பவை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வரும். ஒரு பொருள் பதிவானதா என்ற ஐயம் இருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். உங்கள் கோரிக்கை மீதான முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

பாதிப்பு வந்தால்

எந்த ஜெல்லையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் பாருங்கள். எரிச்சலோ தடிப்போ வந்தால் முகத்தில் போடாதீர்கள். திறந்த காயத்திலும் ஆழமான வெட்டிலும் மஞ்சள் உட்பட எதையும் அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, தோட்டத்து மருந்தகத்துக்குப் போங்கள். ஏற்பூசி தேவையா என்று அங்கே கேளுங்கள். சீனி வியாதி உள்ளவர்கள் கால் காயத்தைச் சிறிதென்று விடக் கூடாது.

கிறீம் பூசிவந்தவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, கை நடுங்கினாலோ தாமதிக்காமல் டிக்கோயா, நுவரெலியா அரச வைத்தியசாலைகளுக்குச் செல்லுங்கள். பூசிய போத்தலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதை எறிந்தால் வைத்தியருக்குத் தடயமும் போகும், முறைப்பாட்டுக்குச் சான்றும் போகும். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் 1990 சுவசெரிய அம்பியூலன்சை அழையுங்கள்.

செய்து விற்க நினைப்பவர்களுக்கு

இது எட்டாத தொழிலல்ல. கிழங்காக வாங்கிக் கழுவிக் காயவைத்து நீங்களே அரையுங்கள். எந்த நாளில், எங்கே வாங்கிய மஞ்சள், எத்தனை போத்தல் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். வெளிச்சம் புகாத குழாயில் அடையுங்கள். குணமாக்கும் என்ற சொல்லை லேபலில் எழுதாதீர்கள். கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் கட்டணத்துக்குச் சோதனை செய்து அறிக்கை தருகிறது. ஒருவருக்கு அந்தச் செலவு பாரமாக இருக்கலாம். பத்துப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரே கலவை முறையில் செய்தால் தாங்கக்கூடியதாகும். பயிற்சி தரும் அமைப்புகளும் பிரதேச செயலகங்களும் ஜெல் கிண்டக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல், முதற் சோதனைக்கான செலவையும் ஏற்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளியின் தோல் யாருடைய பரிசோதனைக்கும் களமாகக் கூடாது. அடுத்த முறை மூலிகைப் போத்தல் ஒன்று கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: உள்ளே என்னென்ன இருக்கிறது? யார் செய்தது? சோதனை அறிக்கை எங்கே? பதில் வராத போத்தலை வாங்காதீர்கள்.